சிவப்பு நதிக்கு வரும் பச்சை முதுகு விருந்தாளி

வடக்கு நோக்கி ஓடும் நதிக்கு நம் ஊரில் தனி மரியாதை உண்டு. காசியில் கங்கை வடக்கே திரும்புவதால்தான் அங்கே அதை உத்தரவாகினி என்று கும்பிடுகிறார்கள். வட அமெரிக்காவின் ரெட் ரிவர், அதாவது சிவப்பு நதி, தொடக்கம் முதல் கடைசிவரை வடக்கே பார்த்துத்தான் ஓடுகிறது. அமெரிக்காவின் மினசோட்டா, வடக்கு டகோட்டா மாநிலங்களின் எல்லையில் தொடங்கி, கனடாவுக்குள் நுழைந்து, வின்னிபெக் நகரத்தை இரண்டாக வகிர்ந்துகொண்டு, சுமார் 885 கிலோமீட்டர் ஓடி வின்னிபெக் ஏரியில் கலக்கிறது. இங்கே கும்பிட யாரும் வருவதில்லை. தூண்டிலோடு காத்திருக்கத்தான் கூட்டம் கூட்டமாக வருகிறார்கள்.

காத்திருப்பது வால்ஐ என்ற மீனுக்காக. பெயரைக் கேட்டதும் நம் வாளை மீன் நினைவுக்கு வந்தால் அது காதின் பிழை; இரண்டுக்கும் எந்த உறவும் இல்லை. இது பெர்ச் குடும்பத்தைச் சேர்ந்த நன்னீர் மீன். நீண்ட உடல், வாய் நிறையக் கூரிய பற்கள், வாலின் கீழ் நுனியில் வெள்ளைச் சாந்து தொட்டு வைத்தது போல் ஒரு புள்ளி. பெயர் வந்தது கண்ணால். பூனையின் கண்ணைப் போல இதன் கண்ணுக்குப் பின்னாலும் ஒளியைத் திருப்பி அனுப்பும் படலம் இருக்கிறது. இரவில் டார்ச் அடித்தால் இரண்டு வெள்ளிக் காசுகள் போல மின்னும். கலங்கிய நீரிலும், அந்தி வெளிச்சத்திலும் மற்ற மீன்கள் தடுமாறும்போது இது தெளிவாகப் பார்க்கும். ‘வின்னிபெக்’ என்ற சொல்லுக்கே கிரீ மொழியில் கலங்கிய நீர் என்றுதான் பொருள். ஊருக்கும் மீனுக்கும் இவ்வளவு பொருத்தம் அமைவது அபூர்வம்.

ஒரு சிறு எச்சரிக்கை. மானிடோபா மாகாணத்தில் போய் ‘வால்ஐ’ என்று சொன்னால் புரிந்துகொள்வார்கள். ஆனால் உணவகப் பட்டியலில் அந்தப் பெயரைத் தேடாதீர்கள். அங்கே அதன் பெயர் பிக்கரல். பிக்கரல் என்பது உண்மையில் வேறொரு மீனின் பெயர். அதைச் சொன்னால் உள்ளூர்க்காரர்கள் சிரித்துக்கொண்டே ‘தெரியும்’ என்பார்கள். பெயரை மாற்றும் உத்தேசம் யாருக்கும் இல்லை. அனிஷினாபே பூர்வகுடியினர் இவர்களுக்கெல்லாம் வெகு முன்பே இதை ‘ஓகா’ என்று அழைத்து வருகிறார்கள்.

இந்த மீன் முக்கியமாக ஏரிக்காரன். நதிக்கு விருந்தாளியாக வந்துபோகும். வின்னிபெக் ஏரி சுமார் 24,500 சதுர கிலோமீட்டர் பரப்புள்ளது. தமிழ்நாட்டின் பரப்பில் ஐந்தில் ஒரு பங்கு என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ஏரியிலிருந்து நதிக்குள் ஏறிவரும் மீனுக்கு ஒரு தடை இருக்கிறது: வின்னிபெக்கிலிருந்து வடக்கே அரைமணி நேரக் கார் பயணத்தில் வரும் லாக்போர்ட் என்ற ஊரின் அணை. அந்த அணைக்கும் ஏரிக்கும் இடைப்பட்ட நாற்பது, ஐம்பது கிலோமீட்டர்தான் இந்தக் கதை நடக்கும் இடம். நடுவில் செல்கர்க் என்ற சிற்றூர்.

வருஷத்தை ஜனவரியில் தொடங்குவது நாள்காட்டியின் பழக்கம். இந்த நதியின் வருஷம் செப்டம்பரில் தொடங்குகிறது என்பேன்.

செப்டம்பர் கடைசியில் கரையோர மரங்கள் மஞ்சளாகும்போது ஏரியிலிருந்து எமரால்ட் ஷைனர் என்ற விரல் நீளப் பொடிமீன்கள் கூட்டமாக நதிக்குள் நுழைகின்றன. பின்னாலேயே வால்ஐ வருகிறது. வின்னிபெக் ஏரியில் வளர்ந்த வால்ஐக்கு முதுகில் மரகதப் பச்சை மினுமினுப்பு உண்டு. அதனால் இவற்றுக்குக் ‘கிரீன்பேக்’, பச்சை முதுகு, என்று செல்லப் பெயர். இதைப் பார்ப்பதற்காகவே பக்கத்து மாகாணங்களிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் படகை வண்டியில் கட்டி இழுத்துக்கொண்டு வருகிறார்கள். அக்டோபர் சனிக்கிழமை விடிகாலையில் செல்கர்க் படகுத்துறையில் வரிசை நிற்கும். கையில் காபி, தலையில் கம்பளிக் குல்லா, வாயிலிருந்து புகை போல மூச்சு.

தூண்டில் முறை எளிமையானது. ஈயத்தலை வைத்த ஒற்றைக் கொக்கி, அதற்கு ஜிக் என்று பெயர். அதில் உறைந்த அல்லது உப்பிட்ட ஷைனர் மீனைக் கோத்து, படகுக்கு நேர் கீழே அடிமட்டம்வரை இறக்கி, அரை அடி தூக்கி, மெல்ல விட வேண்டும். தூக்கு, விடு. தூக்கு, விடு. வால்ஐ வெடுக்கென்று இழுக்காது. நூல் முனையில் ஈரத்துணி மாட்டியது போல ஒரு கனம் தெரியும், அவ்வளவுதான். அதை உணரும் விரல் பழகுவதற்கே ஒரு பருவம் போய்விடும். இருபது கிலோ தாண்டும் மீன்களை இழுத்தவர்கள்கூட இந்த மெல்லிய கனத்தைத் தவறவிட்டு, வெறுங்கொக்கியை மேலே இழுத்துப் பார்ப்பது அங்கே தினசரிக் காட்சி.

இன்னொன்று, மானிடோபாவில் தூண்டில் கொக்கியில் பின்னோக்கிய சிறு முள் இருக்கக் கூடாது. இருந்தால் குறடால் நசுக்கிவிட வேண்டும். இது சட்டம். மீனை விடுவிக்கும்போது அதன் வாய் கிழியாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. கயிறு சற்றுத் தளர்ந்தாலும் மீன் நழுவிவிடும். அதனால் இங்கே ‘தப்பிய மீன்’ கதைகள் மற்ற ஊர்களைவிட அதிகம்; நம்பவும் வேண்டியிருக்கிறது.

இலையுதிர்காலம் முடியும் சமயத்தில் லாக்போர்ட் அணையில் ஒரு வேடிக்கை நடக்கும். 1910-ல் திறக்கப்பட்ட அணை அது. தண்ணீரைத் தடுப்பது இரும்புக் கதவுகள் அல்ல. மரச்சட்டங்களைக் கோத்துச் செய்த திரைகள். நம் வீட்டுத் திண்ணையில் வெயிலுக்கு மூங்கில் தட்டியைச் சுருட்டி ஏற்றுவோமே, ஏறக்குறைய அதே மாதிரி. வெயில்காலத்தில் இறக்கி வைத்திருக்கும் திரைகளைக் குளிர் வருவதற்குள் சுருட்டி மேலே ஏற்றிவிடுகிறார்கள். அணைக்கு மேலே நகரத்துக்குள் நதியின் மட்டம் இறங்கிவிடும். பிறகு உறைபனியின் ஆட்சி.

குளிர்காலத்தைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகவே சொல்ல வேண்டும். சென்னையிலிருந்து வருகிறவர்கள் யாரும் முதலில் நம்பாத பகுதி இது.

ஜனவரியில் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே இருபது, சில இரவுகளில் முப்பது. நதி மேலே கல்லாகிவிடும். பத்து சென்டிமீட்டர் பனிக்கட்டி இருந்தால் நடக்கலாம். கார் ஏற வேண்டுமானால் முப்பதுக்கு மேல் வேண்டும் என்பது பொதுவான கணக்கு. நடு ஜனவரியில் செல்கர்க் பக்கம் போனால் நதியின் மேலே வண்டித்தடங்கள், அவற்றின் ஓரமெல்லாம் கூடாரங்கள், மரக் குடில்கள், நிறுத்தி வைத்த பிக்கப் வண்டிகள். திருவிழாவுக்குப் போட்ட கடைத்தெரு போல இருக்கும். ஒவ்வொரு குடிலின் சுவரிலும் உரிமையாளரின் பெயரும் முகவரியும் எழுதியிருக்க வேண்டும். குழந்தைகள் சறுக்கி விளையாடுவார்கள். யாரோ தொத்திறைச்சி சுடுவார்கள். காலுக்குக் கீழே நதி ஓடிக்கொண்டிருக்கிறது என்பது அவ்வப்போதுதான் நினைவுக்கு வரும். அதை நினைவுபடுத்துவது போல, குளிர் ஏறும் மாலையில் பனிக்கட்டி ‘டும்’ என்று நீளமாக முழங்கும். முதல்முறை கேட்கும்போது ஈரக்குலை நடுங்கும். ‘பனி வளர்கிறது, நல்ல சத்தம்தான்’ என்று பக்கத்துக் குடிலில் இருந்த ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர் என்னைச் சமாதானப்படுத்தினார். பல மாதம் சத்தமில்லாமல் இருக்கும் பனியைத்தான் நம்பக் கூடாதாம், குறிப்பாக மார்ச் மாதத்தில்.

பெரிய திருகாணி போன்ற கருவியால் பனியில் ஒரு சாண் அகலத்துக்குத் துளை போடுகிறார்கள். துளையில் மீன்தேடும் ஒலிக்கருவி ஒன்றை இறக்கினால், அடிமட்டமும், நம் தூண்டிலும், அதை நோக்கி எழும்பி வரும் மீனும் வண்ணக் கோடுகளாகத் திரையில் தெரியும். நீர் சேறு கலந்தது என்பதால் வெறும் காட்சியால் மீனை அழைக்க முடியாது. உள்ளே சிறு குண்டுகள் வைத்த, ஆட்டினால் கிலுகிலுப்பை போலச் சத்தமிடும் பொய்மீனைத்தான் பெரும்பாலும் பயன்படுத்துகிறார்கள். இரண்டு ஆட்டு ஆட்டி நிறுத்தினால், கீழே ஒரு சிவப்புக் கோடு புறப்படும். ஏறும். நிற்கும். அந்த நிற்கும் சில நொடிகள் இருக்கிறதே, வேடிக்கை பார்க்க வந்தவர்களும் மூச்சை அடக்கிக்கொள்வார்கள். பாதி நேரம் கோடு திரும்பி இறங்கிவிடும். பொழுது சாயும் அரைமணி நேரம்தான் பொன்னான நேரம். மதியம் முழுக்க அரட்டைதான்.

மீன் வந்துவிட்டால் எல்லாமே அவசரம். அந்தக் குளிரில் ஈரமான செவுளும் கண்ணும் விரைவாக உறையத் தொடங்கிவிடும். ஆகவே திரும்ப விடப்போகும் மீனைத் தூக்கிக் காட்டி நிதானமாகப் படம் எடுக்கும் பேச்சுக்கே இடமில்லை. அளவுகோலை முன்கூட்டியே பனியில் வைத்துவிடுகிறார்கள். அளந்து, ஒரு படம், உடனே துளைக்குள். 71 சென்டிமீட்டர் அல்லது அதற்கு மேல் இருந்தால் ‘மாஸ்டர் ஆங்ளர்’ என்று மாகாணத்தின் சான்றிதழ் கிடைக்கும். மீனை உயிரோடு திரும்ப விட்டாலும் கிடைக்கும். அத்தனை பெரிய வால்ஐ ஏறக்குறைய எப்போதும் பெண் மீன்தான். பத்து வயதுக்கு மேல்கூட இருக்கலாம். அதைக் கொன்று எடுத்துப்போகிறவரை அங்கே யாரும் திட்டமாட்டார்கள். பேச்சை நிறுத்திவிட்டு நூலைச் சரிசெய்யத் தொடங்கிவிடுவார்கள். அந்த மௌனம் போதும்.

மார்ச் மாதத்தில் திருவிழாக் கடைகள் கலையும். குடில்களைக் குறித்த தேதிக்குள் அகற்றியாக வேண்டும். பனி இளகுவது ஒரு காரணம். இன்னொரு காரணம் ஆம்பிபெக்ஸ் என்ற ராட்சத இயந்திரம். பார்ப்பதற்குப் படகும் ஜேசிபியும் சேர்ந்து பெற்ற பிள்ளை மாதிரி இருக்கும். பனிக்கட்டியின் மேல் தன்னைத் தானே இழுத்து ஏற்றி, தன் எடையாலேயே உடைத்துக்கொண்டு போகும். எதற்கு இந்த வேலை? நதி வடக்கே ஓடுவதுதான் வம்பு. வசந்தம் தெற்கிலிருந்து வருகிறது. மேல்நதியில் பனி உருகித் தண்ணீர் பெருகும்போது முகத்துவாரம் இன்னும் பூட்டிக் கிடக்கும். உடைந்த கட்டிகள் வந்து அடைத்துக்கொண்டால் நதி வீடுகளுக்குள் திரும்பிவிடும். 1950-ல் வின்னிபெக்கே மூழ்கியது. அதன் பிறகு 1968-ல் முடித்த 47 கிலோமீட்டர் வெள்ளக் கால்வாய்தான் 1997-ன் பெருவெள்ளத்தில் நகரத்தைக் காப்பாற்றியது. அந்தக் கால்வாய் மீண்டும் நதியில் சேரும் இடம் லாக்போர்ட் பக்கம்தான்.

ஏப்ரல் முதல் தேதி முதல் மே நடுப்பகுதிவரை தூண்டில் போடத் தடை. வால்ஐயின் பேறுகாலம். நீரின் வெப்பம் 6 முதல் 9 டிகிரிக்கு ஏறும்போது, இருட்டியபின், கூழாங்கல்லும் பாறையும் இருக்கும் ஆழமற்ற இடங்களில் பெண் மீன் முட்டைகளைத் தூவிவிட்டுப் போகும். கூடு கிடையாது, காவல் கிடையாது. பெரிய மீனானால் முட்டைகள் லட்சக்கணக்கில் இருக்கும். அவற்றில் வளர்ந்து ஆளாவது விரல்விட்டு எண்ணும்படிதான். சேறு படிந்தால் முட்டை மூச்சடைத்துச் சாகும். திடீர்க் குளிர் வந்தால் போச்சு. முட்டையிட்ட தாய்கள் மெல்ல ஏரிக்குத் திரும்பிவிடும்.

தூண்டில் இல்லாத இந்த ஆறு வாரத்தில்தான் நதிக்கரையில் நடக்க வேண்டும் என்பது என் கட்சி. லாக்போர்ட்டில் அணையின் பக்கத்தில் கெனோசெவுன் என்ற இடம் இருக்கிறது. கிரீ மொழிப் பெயர். ‘இங்கே மீன்கள் நிறைய’ என்று அர்த்தம். அணை வருவதற்கு முன் இங்கே நதி பாறைகளில் இரைந்து ஓடியது. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மக்கள் இந்த இடத்துக்கு மீனுக்காக வந்து தங்கியிருக்கிறார்கள் என்பதற்கு மண்ணுக்குள் சான்று கிடைத்திருக்கிறது. காட்டெருமையின் தோள் எலும்பில் செய்த மண்வெட்டிகளும் கிடைத்தன. ஐரோப்பியர் வருவதற்கு முன்பே இவ்வளவு வடக்கே சோளம் விளைந்திருக்கிறது.

கொஞ்சம் வடக்கே லோயர் ஃபோர்ட் கேரி என்ற கற்கோட்டை. 1871 ஆகஸ்ட் 3 அன்று முதலாம் உடன்படிக்கை அங்கேதான் கையெழுத்தானது. இன்னும் வடக்கே, செல்கர்க்குக்கு அருகில், புனித பீட்டர் கல் தேவாலயம். அதன் முற்றத்தில் தலைவர் பெக்விஸின் கல்லறை இருக்கிறது. 1812 முதல் வந்து இறங்கிய ஸ்காட்லாந்துக் குடியேறிகள் பட்டினியில் வாடியபோது உணவும் பாதுகாப்பும் கொடுத்துப் பிழைக்க வைத்தவர் அவர். அவருடைய மக்களுக்கென ஒதுக்கிய நிலத்தை 1907-ல் முறைகேடாக எழுதி வாங்கி, அவர்களை வடக்கே வெகுதூரத்துக்கு அனுப்பினார்கள். அந்த ஒப்படைப்பு செல்லாது என்று கனடா அரசு ஒத்துக்கொண்டது 1998-ல். குளிர்காலக் குடில்கள் வரிசையாக நிற்கும் பனிப்பரப்புக்கு இருபுறமும் இருந்த நிலம் இந்தக் கதைக்குரியது. மீன்பிடிக்க வருகிறவர்களில் எத்தனை பேர் அந்தக் கல்லறைவரை நடக்கிறார்கள் என்று யோசித்துப் பார்ப்பேன்.

கோடையைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கொசு. வெக்கை. அணைக்குக் கீழே வெள்ளைப் பெலிகன்கள் வாயைப் பிளந்து நிற்கும். வால்ஐ பெரும்பாலும் ஏரியில் இருக்கும். நதி அப்போது கெளுத்தியின் ராஜ்ஜியம். செல்கர்க்கில் ‘சக்’ என்று ஒரு பிரமாண்டக் கெளுத்திச் சிலையே வைத்திருக்கிறார்கள். வால்ஐ பக்தர்கள் இந்த மாதங்களில் படகுக்கு வண்ணம் அடிப்பார்கள்.

இந்த விருந்தாளி தொடர்ந்து வருமா என்ற கவலை இப்போது கரையில் எங்கு உட்கார்ந்தாலும் காதில் விழுகிறது. ‘முன்பு போல இல்லை’ என்பது மீன்பிடிப்பவர்களின் நிரந்தர வசனம்தான். ஆனால் கவலைக்குக் காரணங்கள் இருக்கின்றன. 2013-ல் வின்னிபெக் ஏரியில் வரிக்குதிரைச் சிப்பி என்ற அந்நியச் சிப்பி கண்டுபிடிக்கப்பட்டது. விரல் நகம் அளவுதான். நீரை வடிகட்டி அதிலுள்ள நுண்ணுயிர்களைத் தின்றுவிடும். சின்ன மீனின் உணவு அது. அதனால்தான் படகைக் கரையேற்றியதும் தண்ணீரை ஒரு சொட்டு விடாமல் வடித்து உலர்த்த வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். வயல்களிலிருந்தும் சாக்கடையிலிருந்தும் வரும் பாஸ்பரஸால் கோடையில் ஏரி பச்சைப் பாசியாகிறது. 2024 பிப்ரவரியில் வின்னிபெக்கில் கழிவுநீர்க் குழாய் உடைந்து 20 கோடி லிட்டருக்கும் மேலான கழிவு நேராக இந்த நதியில் கலந்தது. வடக்கே நதியையும் ஏரியையும் நம்பி வாழும் பூர்வகுடிச் சமூகங்கள் வழக்குத் தொடுத்தன.

அப்புறம் பழைய சண்டை ஒன்று. ஏரியில் வலை போட்டுப் பிழைக்கும் மீனவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் பூர்வகுடியினர் உண்டு, 1875-ல் வந்து கிம்லியில் குடியேறிய ஐஸ்லாந்துக்காரர்களின் வம்சத்தினரும் உண்டு. தூண்டில்காரர்கள் வலையைக் குறைசொல்வார்கள். வலைக்காரர்கள் பொழுதுபோக்குக்காக வரும் விலையுயர்ந்த படகுகளைக் காட்டுவார்கள். 2019-ல் அரசு, விருப்பப்பட்ட மீனவர்களிடமிருந்து பிடிப்பு ஒதுக்கீட்டை விலைகொடுத்து வாங்கியது. சண்டை ஓயவில்லை. வயிற்றுக்காகப் பிடிப்பவர் பக்கம் என் மனம் கொஞ்சம் சாய்கிறது என்பதை ஒளிக்க மாட்டேன். ஆனால் வலையின் கண் சிறிதானால், முதல் முட்டை இடுமுன்பே மீன் சிக்கிவிடும் என்ற வாதத்துக்கு அவர்களிடமும் நல்ல பதில் இல்லை.

சாப்பாட்டு விஷயத்துக்கு வருவோம். வெள்ளைச் சதை, முள் குறைவு, வாடை அநேகமாக இல்லை. உள்ளூரில் பிஸ்கட் தூளிலோ மாவிலோ புரட்டி எண்ணெயில் பொரித்து எலுமிச்சை பிழிந்து தருகிறார்கள். கன்னத்துச் சதையைத் தனியே எடுத்துப் பொரிப்பது இன்னும் விசேஷம். ரூபாய் நாணயம் அளவு, வெண்ணெய் போல. நம் வீட்டு முறையில் மிளகாய்த்தூள், மஞ்சள்தூள், உப்பு தடவி தோசைக்கல்லில் வறுத்தால் அருமை. புளிக்குழம்பில் மட்டும் போட வேண்டாம். மென்மையான சுவை அதில் கரைந்து காணாமல் போய்விடும். அந்தக் குழம்புக்கு நம் விரால்தான் லாயக்கு. சின்ன மீனையே சமையலுக்கு எடுங்கள். பெரிய, வயதான மீனில் பாதரசம் அதிகம் சேர்ந்திருக்கும் என்பதால் மருத்துவ ரீதியாகவும் அதுதான் நல்லது.

போகிறவர்களுக்கு: வின்னிபெக்கிலிருந்து செல்கர்க் 35 கிலோமீட்டர். தூண்டில் உரிமம் இணையத்திலேயே வாங்கலாம். எத்தனை மீன், எந்த அளவு என்ற விதிகள் மாறிக்கொண்டே இருப்பதால் அந்த வருடத்துக் கையேட்டைப் பாருங்கள். குளிர்காலத்தில் தனியே பனியில் இறங்காதீர்கள். கூடாரத்துக்குள் அடுப்பு மூட்டினால் காற்று வர வழி விட்டு வையுங்கள். படகுப் பயணம் வேண்டுமானால் அக்டோபர் முதல் பாதி உத்தமம். இரண்டு ஜோடிக் கையுறை எடுத்துப்போங்கள். ஒரு ஜோடி முதல் மீனிலேயே நனைந்துவிடும்.